ஒன்பதாவது ஆட்டக்காரன்

நாள்காட்டியில் ஓயார்ஸின் பெயர் வரும் நாள், அந்தப் பெயர்நாளுக்கு நான் செலவு செய்தது ஒன்பது யூரோ அறுபது சென்ட். நட்புக்கு விலை கிடையாது என்று சொல்பவர்கள் சந்தையில் நின்று பார்க்காதவர்கள். எல்லாவற்றுக்கும் விலை உண்டு, மேடம். காலையில் ஒரு விலை, கடை கட்டும்போது ஒரு விலை. எங்கள் சந்தைப் பூக்காரி வெல்டாவிடம் சாமந்தி ஒரு தண்டு ஒன்று அறுபது. இருபது வருடமாக என் மீன்கடைக்கு எதிர்க்கடை, ஆனாலும் ஐந்து சென்ட் இறங்கமாட்டாள். இறங்கினால் பூ வாடியது என்று நானே சந்தேகப்படுவேன்.

விசாரணையின் முதல் கேள்வியாக நீங்கள் பூவின் விலையைக் கேட்டது விநோதம்தான். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இனி ஏன் செய்தேன் என்பதைச் சொல்கிறேன். கேட்டால் நியாயம் என்றுதான் உங்களுக்கும் படும்.

நீங்கள் ஐஸ் ஹாக்கி பார்ப்பீர்கள். இந்த ஊரில் பார்க்காதவர் யார்? ஆனால் எங்கள் லீக்கில் பனியும் கிடையாது, பல் உடைவதும் கிடையாது. கணினிக்குள் நடப்பது. ஆளுக்கு ஓர் ஆட்டக்காரனை உருவாக்குவோம். பெயர், நாடு, ஆடும் இடம் எல்லாம் நாமே வைப்பது. வாராவாரம் லீக் கொடுக்கும் வேலைகளைச் செய்தால் அவனுக்குப் பலம் கூடும். மாலையில் கணினி ஆட்டத்தை நடத்தும், நாம் பார்த்துக்கொண்டிருப்போம். சில சீசன் போனால் அவனுக்கும் வயதாகும். பலம் உதிரும். ஒருநாள் ஓய்வு கொடுத்துவிட்டு வேறொருவனை உருவாக்க வேண்டியதுதான்.

சீசன் முடிவில் நாடுகளுக்கிடையே ஒரு கோப்பை. அதில் ஒரு நாடு தன் கொடியோடு இறங்க வேண்டுமானால் அந்த நாட்டு ஆட்டக்காரர்கள் ஒன்பது பேராவது லீக்கில் இருக்க வேண்டும். எட்டாகிவிட்டால் 'மற்ற நாட்டார்' என்ற அணியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். மிச்சம் விழுந்த மீனை ஒரே கூடையில் கொட்டுவது போல. கனடாக்காரர்களுக்கும் சுவீடன்காரர்களுக்கும் அந்தக் கவலை இல்லை, நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். லாட்வியாவுக்கு நாங்கள் ஒன்பது பேர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த அணிக்கு நான் மேலாளர். சிரிக்க வேண்டாம், மேடம். பகல் முழுக்க எனக்குப் புகையூட்டிய மீனும் செதிலும் ஈரக் கையும். மாலையில் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் ஒரு நாடு என் பொறுப்பில் இருந்தது. என் அப்பா வாழ்நாளில் பாதியை, எங்கள் நாட்டை விழுங்கியிருந்த இன்னொருவர் கொடியின் கீழ் ஆடிய அணிக்குக் கைதட்டிக் கழித்தவர். கை வலிக்காமல் தட்டக் கற்றுக்கொண்டார் என்பார் அம்மா. அதனால் 'மற்ற நாட்டார்' என்ற சொல்லைக் கண்டால் எனக்கு ஆகாது.

எங்கள் பலமெல்லாம் கோல்கீப்பர் மிகெலிஸ்தான். அவனை உருவாக்கியவன் ஓயார்ஸ். பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குச் சிநேகிதன், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவன். அவனை இந்த லீக்கில் சேர்த்துவிட்டதே நான்தான்.

போன மாதம் என் கடைக்கு வந்தான். ஒரு விலாங்கை எடுத்து முகர்ந்துகொண்டே சொன்னான்.

"குன்டிஸ், இந்தக் கோப்பைக்கு முன்னாலயே மிகெலிஸுக்கு ஓய்வு குடுத்துடறேன்டா."

"சரி, குடு. புதுப் பையனுக்கு என்ன பேரு?"

"பேரு இன்னும் வைக்கல. ஆனா அவன் பின்லாந்துக்காரன்."

நான் மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"யாரு?"

"என் பேரன் தம்பெரேல படிக்கிறான்ல, அவனும் லீக்ல சேரப் போறானாம். 'தாத்தா, ரெண்டு பேரும் ஒரே அணியில ஆடலாம்'னு சொல்றான். எத்தன வருஷம் ஆச்சு அவன் என்கிட்ட ஒண்ணு கேட்டு! முடியாதுன்னு எப்படிடா சொல்றது?"

"நீ போனா நாங்க எட்டு."

"எட்டுன்னா எட்டு. என்னடா இப்போ, கடலா வத்திப்போகும்?"

விலாங்குக்குக் காசு வாங்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், மனத்தில் வன்மம் இருந்தால் வாங்கியிருப்பேன்.

லீக்கில் ஒரு விதி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஸ்லோவாக்கியாக்காரர் ஒருவர் மாரடைப்பில் போனார். அவர் மகள் லீக்கின் இணையப் பலகையில் நான்கு வரி எழுதினாள். முகம் பார்த்திராத மனிதருக்காக எல்லோரும் அழுதோம். அப்போது வாக்கெடுத்து வைத்த விதி: உருவாக்கியவர் இறந்துவிட்டால் அவருடைய ஆட்டக்காரன் மூன்று சீசனுக்கு அப்படியே இருப்பான். அதே கொடி, அதே பலம். வயது ஏறாது, ஓய்வு கிடையாது, கணக்கில் சேர்வான். நானும் ஆதரித்து வாக்களித்தேன். நல்ல விதி, இன்றைக்கும் சொல்வேன்.

இதை வைத்து நான் ஏதும் திட்டம் போடவில்லை. சந்தைக்காரன் மூளை தானாகக் கணக்குப் போடும், அவ்வளவுதான். ஓயார்ஸ் உயிரோடிருந்தால் நாங்கள் எட்டு. இல்லாவிட்டால் ஒன்பது. மழை பெய்தால் மீன் விற்காது என்பதைப் போன்ற ஒரு தகவல் அது. தெரிந்துவிட்டது என்பதற்காக யாராவது மழையை வரவழைப்பார்களா?

பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை; நினைவிருப்பவன் போவான். நானும் போனேன். ஊருக்கு வெளியே அவனுடைய தோட்ட வீடு உங்களுக்குத் தெரியும், நான்கு நாள் அங்கே போலீஸ் நாடா கட்டி வைத்திருந்தீர்கள். அவன் மனைவி ஸ்கைட்ரீட்டே கதவைத் திறந்தாள். அடுப்பில் கேக் கருகுகிற பதற்றம். காகிதம் சுற்றிய என் பூவை வாங்கி, பிரிக்காமலேயே மற்றவர்கள் பூ கிடந்த வாளிக்குள் செருகிவிட்டு ஓடினாள்.

மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். எங்கள் ஒன்பது பேரில் இன்னொருவனான எட்வீன்ஸும் இருந்தான். அவனைப் பார்த்ததுமே ஓயார்ஸ் போன வருடக் கதையை எடுத்தான். எட்வீன்ஸ் அவசரத்தில் எட்டு ரோஜா வாங்கி வந்த கதை. உயிரோடிருப்பவனுக்கு ஒற்றைப்படையில் பூ, மண்ணுக்குள் போனவனுக்கு இரட்டைப்படை என்று பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரிந்த ஊரில், பெயர்நாளுக்கு எட்டு.

"என்னைப் பொதைக்கவாடா வந்தே?" என்று கேட்டானாம். பிறகு ஒரு ரோஜாவை உருவி எட்வீன்ஸ் சட்டையில் செருகினானாம். "இது உனக்கு, மீதி எனக்கு. இப்போ ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம்."

"விடு மாமா, வருஷா வருஷம் இதையே சொல்லி மானத்த வாங்கறே," என்றான் எட்வீன்ஸ்.

"ஒனக்கு மானம் இருந்தா சந்தையில போட்டு ஏலம் விடு. குன்டிஸ் வாங்கிக்குவான், பாதி வெலைக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் அது நல்ல நாள்.

சாயங்காலம் ஸ்கைட்ரீட்டே தன் அக்காவையும் மற்றவர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினாள். அக்காவை வீட்டில் இறக்கிவிட்டு ஒரு காபி குடித்துவிட்டுத்தான் வருவாள். அது அவள் வழக்கம். தோட்டத்து மூலையில் இருந்த நீராவிக் குளியல் குடிலில் ஓயார்ஸ் மத்தியானமே அடுப்பு மூட்டியிருந்தான். நாங்கள் இருவரும் உள்ளே போனோம். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி, ஆவி எழும்பி, வழக்கப்படி பூர்ச்ச மரத்து இலைக்கட்டால் முதுகில் ஒருவருக்கொருவர் நான்கு அடி. அந்த இடத்தில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள். அதனால்தான் அங்கே வைத்துக் கேட்டேன்.

"ஒரே ஒரு சீசன் பொறுடா."

"பொறுத்துப் பொறுத்து மிகெலிஸுக்கு முட்டி போச்சு."

"அவனுக்கு முட்டியே கெடையாது. அவன் வெறும் எண்ணுடா."

"அப்போ எதுக்குடா நீ அழுவுறே?"

நான் அழவில்லை. ஆவியில் எல்லோருக்கும் முகம் நனையும். மூன்று சீசன் கேட்டேன், இரண்டுக்கு இறங்கினேன், ஒன்றுக்கு வந்தேன். பேரன் தனியாகச் சேரட்டும், அடுத்த வருடம் நீ போ என்றேன். இதற்கு மேல் எந்த வியாபாரி இறங்குவான்? அவன் மேல்பலகையில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பீர் வேறு குடித்திருந்தான்.

"நாளைக்குக் காலையில ஓய்வுக் கடிதம் போட்டுடுவேன். பேரன்கிட்டச் சொல்லியாச்சு. கொஞ்சம் தூங்கறேன், ஆவி எறங்குனதும் எழுப்பு."

எழுந்து ஆடை மாட்டிக்கொண்டேன். சூடு வீணாகிக்கொண்டிருந்தது. கங்கு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. புகைபோக்கியின் தகட்டை உள்ளே தள்ளி மூடினேன். சிக்கனம் எங்கள் குடும்ப வழக்கம். கங்கு கறுக்குமுன் மூடினால் விஷவாயு உள்ளேயே தங்கிவிடும், மூடக்கூடாது என்பது தெரியும். குளிர்காலம் வந்தால் இப்படி மூடி மண்டையைப் போட்ட ஒரு கஞ்சனாவது செய்தித்தாளில் வந்துவிடுவான். கதவையும் சாத்தினேன். ஆவி வெளியேறாமலிருக்க.

சமையலறையில் உட்கார்ந்து மீதமிருந்த உருளைக்கிழங்கு சாலட்டைச் சாப்பிட்டேன். அன்று மாலை ஆட்டம் இருந்தது, மிகெலிஸின் அணிதான். கைபேசியில் வரி வரியாக ஓடும். மிகெலிஸ் பிடித்தான், மிகெலிஸ் தடுத்தான், மிகெலிஸ் மீண்டும் தடுத்தான். அவ்வளவு நன்றாக அவன் ஆடி வெகுநாளாகியிருந்தது. ஒருமுறை எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். குடிலின் கூரையில் புகை இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஆட்டத்தைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை. முடிந்த பிறகு போய்க் கதவைத் திறந்தேன். பிறகுதான் ஆம்புலன்ஸை அழைத்தேன். மருத்துவர் என் தோளில் கை வைத்து, "உங்க தப்பில்லை சார், வருஷா வருஷம் நடக்கிறதுதான்," என்றார்.

பலகையில் அஞ்சலிக் குறிப்பை நானே எழுதினேன். உலகம் முழுவதிலிருந்தும் பதில் வந்தது. ஸ்லோவாக்கியாக்காரரின் மகள்கூட எழுதியிருந்தாள். மிகெலிஸை நிலைநிறுத்தினார்கள். கோப்பைக்கு எங்கள் கொடியோடு இறங்கினோம். ஓயார்ஸின் பேரன் தாத்தாவின் நினைவாகத் தன் ஆட்டக்காரனை லாட்வியாக்காரனாகவே பதிந்தான். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒன்பது வேண்டியிருந்த இடத்தில் பத்து. ஓயார்ஸுக்குத் தெரிந்தால் சந்தோஷப்பட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். பேரனோடு ஒரே அணியில் ஆட வேண்டும் என்பதுதானே அவன் ஆசை? ஆடுகிறான்.

ஆக, தகட்டை மூடியது நான்தான். அது என் கை. கங்கு சிவந்திருந்ததைப் பார்த்தபடிதான் மூடினேன். ஆனால் ஒன்றைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கொல்லும் எண்ணத்தோடு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. வாழ்த்தத்தான் போனேன், பேரம் பேசத்தான் குடிலுக்குள் நுழைந்தேன். அவன் 'சரி' என்றிருந்தால் இருவருமாக வெளியே வந்து ஆளுக்கொரு பீர் குடித்திருப்போம். அந்த ஒரு நொடியில், சூட்டில், நடந்துவிட்டது.

என்ன, மேடம்? ஸ்கைட்ரீட்டே அடக்கத்துக்குப் பிறகு வாளியிலிருந்த பூக்களைப் பிரித்தாளா? என் காகிதத்துக்குள் ஆறு இருந்ததா?

தவறி ஒன்று விழுந்திருக்கும். பேருந்தில் கூட்டம். அவள் துக்கத்தில் இருப்பவள், எண்ணுவதில் பிசகியிருப்பாள். காலையில் வெல்டா கைபேசியில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நானேதான் வாளியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தேன். பெயர்நாளுக்கு ஏழுதான் எடுத்திருப்பேன். எங்கள் ஊரில் வேறெப்படி எடுப்பான் ஒருவன்?

நீங்கள் அந்தத் தாளில் வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு மனக்கணக்கே வரும். முதல் கேள்வி ஏன் அது என்று இப்போது புரிகிறது.

ஏழு என்றால் பதினொன்று இருபது. நான் கொடுத்தது பத்து யூரோத் தாள். வெல்டா பேச்சை நிறுத்தாமலே மீதி நாற்பது சென்ட்டை என் கையில் வைத்தாள். எண்ணிப் பார்த்துத்தான் பையில் போட்டேன். வாங்காத பூவுக்கு நான் காசு கொடுக்கமாட்டேன். வாங்கிய பூவுக்குக் கொடுக்காமல் வந்ததும் இல்லை.

ஒன்று அறுபது வீதம் ஆறு. ஒன்பது அறுபது. காலையிலேயே சரியாகத்தான் வாங்கியிருக்கிறேன்.