மகுடேஸ்வரனின் ஹேண்ட்பிரேக்

எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு வைத்தால் கால் துண்டு என் கணவருக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து அதில் மாற்றமில்லை. அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பதைத் தெரிந்துகொண்டு மேலே கேளுங்கள்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் எங்களுக்குச் சின்ன பனியன் கம்பெனி. ஆர்டர் கொஞ்சம் நிமிர்ந்ததும் என் கணவர் மகுடேஸ்வரனுக்கு ராலி என்கிற கார் பந்தயக் கிறுக்கு பிடித்தது. வீட்டுக்கு வாங்கிய சின்னக் காரில் பின்சீட், ஏசி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு உள்ளே இரும்புக் கூண்டு கட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து வளைவு சொல்வது என் வேலை. ஊசி வளைவு என்று நான் குரல் கொடுத்ததும் ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுப்பார். முன்சக்கரம் இழுக்கிற வண்டி அது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வால் தானாகச் சுற்றும். கோயம்புத்தூர் போட்டி நெருங்க நெருங்க வேகம் கூடியது. என்றைக்காவது உயிரை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். பயம்தான் காரணம், குறித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒருநாள், "மாமா, நானும் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டது உண்மைதான்.

"நீ வளைவ மட்டும் சொல்லு கண்ணு. இதென்ன தையல் மிசினா?" என்று சிரித்தார்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குண்டடம் பக்கம் பயிற்சிக்குப் போகும் நாளில், ஹேண்ட்பிரேக் உறையை நீக்கி, கேபிள் நட்டைத் தளர்த்தினேன். மெக்கானிக் மாரிச்செல்வம் இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். திசையை மாற்றினால் போதும். வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டேன். வளைவில் இழுத்தபோது கைப்பிடி மட்டும் லொடலொடவென்று மேலே வந்ததாம், சக்கரம் பூட்டவில்லை. வண்டி கிளுவை வேலியைப் பிய்த்துக்கொண்டு நேராக வாய்க்காலில் இறங்கியது. கூண்டு தாங்கியது. இடது கால் மட்டும் முறிந்தது. கால்தானே.

மாரிச்செல்வம் அழுதுவிட்டார். "நல்லாத்தான் இறுக்குனேன் அண்ணாச்சி, எங்கம்மா மேல சத்தியம்."

என் கணவர் நம்பவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. சொந்த ஊருக்குத் திரும்பும் கோவில்பட்டி பஸ்ஸில் சாப்பிட எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தேன். அவர் பிள்ளைகளுக்குப் பனியனும் வைத்தேன்.

இப்போது என் கணவர் கட்டிலில் பத்திரமாக இருக்கிறார். என் பயமும் போய்விட்டது. நேற்று மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டுத் திரும்பி வரச் சொன்னேன். "ஒங்கள மறக்க மாட்டேன்க்கா" என்றார். நசுங்கிய முகப்பை நிமிர்த்த வேண்டும். டிரைவர் சீட்டையும் கழற்றி முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். எனக்குக் கால் எட்டவில்லை.