அவனுக்கு வழி சொல்ல ஒரு ஆள்

"ஹலோ... ஹலோ, லம்யாயா?... நான்தான் வன்பென். தவினோட தங்கச்சி... வெச்சுராதே. இரு, இரு, சண்டை போடக் கூப்பிடல... ஆமா, சாவுக்கு வராதேன்னு நான்தான் சொன்னேன்... ஆமா. ஆமா, உடம்பு வெச்சிருக்கற கோயில் வாசலை மிதிக்காதேன்னும் சொன்னேன், மறக்கல... அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு."

சொந்த ஊர் உத்தரடிட்டில், சந்தையில் பன்றித்தோல் பொரித்து விற்கிறவள் வன்பென். கடைக்கு வருகிறவர்கள் அவள் சொன்ன விலைக்கு மறுபேச்சுப் பேச மாட்டார்கள், அப்படி ஒரு வாய். 'ஒரு நிமிஷம் கேளு' என்று அவள் யாரிடமும் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. இப்போது பிரே நகரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மலிவான தங்கும் விடுதி ஒன்றின் மூன்றாம் மாடியில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அண்ணன் பெண்டாட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தலையணை மேல் செத்துப்போன அண்ணன் தவினின் படம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு பால் டப்பா நிறைய மணல், மணலில் ஒற்றை ஊதுபத்தி.

"எங்கேயா? பிரேயிலதான் இருக்கேன். அவன் செத்த லாட்ஜுல... ஆமா, அதே ரூம். ஆஸ்பத்திரிக்காரங்க முன்னூத்தி ஒம்பதுன்னு சொன்னாங்க, அதையே கேட்டு வாங்கினேன். சாங்கியம் பண்ணணும்னு கேட்டா உள்ளயே விடலை அந்த ஓனரம்மா. தங்கியிருக்கவங்க பயந்துக்குவாங்களாம். சரி, எனக்கும் ஒரு ரூம் குடுன்னேன். வாடகைக்கு வந்தவளை என்ன சொல்ல முடியும்?... தனியாத்தான்... தூக்கமா? ஏசில இருந்து தண்ணி சொட்டுது, பக்கத்து ரூம்ல எவனோ விடிய விடிய இருமறான். துண்டு ஒண்ணு குடுத்திருக்காங்க, மூஞ்சி துடைச்சா மூஞ்சில பாதிதான் துடைக்க முடியும். உங்க ஆளு இந்த லாட்ஜைத்தான் சொர்க்கம் மாதிரி பேசுவான்."

'உங்க ஆளு' என்று வாய் தவறி வந்துவிட்டது. அந்தப் பக்கமும் அதைக் கவனித்திருக்க வேண்டும். வன்பென் பேச்சை மாற்றினாள்.

"சரி விஷயத்துக்கு வர்றேன். தப்பு நடந்து போச்சு... நீ இல்ல, நாங்க. நாங்கதான். உடம்பை ஆஸ்பத்திரியில வாங்கினோம் இல்ல, அங்கேயே நின்னு பிக்கு கூப்பிட்டாரு, 'தவின், எழுந்து வா, வீட்டுக்குப் போகலாம்'னு. நானும் ஊதுபத்தியைக் கையில பிடிச்சுக்கிட்டு வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தேன். அண்ணே பாலம் வருது, அண்ணே மலைத் திருப்பம் வருது, பத்திரமா வான்னு. யார்கிட்ட சொன்னேன்? வண்டியில வந்தது வெறும் உடம்பு. அவன் உயிர் ஆஸ்பத்திரியிலயா போச்சு? தூக்கத்துலயே போயிருச்சு, இந்த லாட்ஜுல. இங்க யாரும் வந்து அவனைக் கூப்பிடவே இல்ல."

"...எங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதா?"

"அம்மாதான் கனவு கண்டா. கட்டில்ல வெறுங்காலோட உக்காந்திருக்கானாம். 'எனக்கு யாரும் வழி சொல்லலியேம்மா'ங்கறானாம். அப்புறம் அவ விடுவாளா? சவப்பெட்டிக்குப் பக்கத்துலயே பாயைப் போட்டுட்டா. எம் புள்ள வந்து சேராம எவனாவது நெருப்பு வெச்சா என்னையும் சேர்த்து எரிங்கடாங்கறா... நாளைக்கு சாயங்காலம் தகனம். பிக்குகளுக்குச் சொல்லியாச்சு, சொந்தக்காரங்க எல்லாம் வந்து இறங்கியாச்சு. அதான் ஓடி வந்தேன்."

"...நானா? கூப்பிட்டேன்டி. நேத்து வந்ததுலேருந்து கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், தொண்டையே கட்டிப் போச்சு. காசு சுண்டிப் பாக்கறேன், தலை விழுந்தா வர்றேன்னு அர்த்தம். பூ விழுது. அம்மா அழறா வாடான்னு சொன்னேன், பூ. உனக்குப் பிடிச்ச மூங்கில் குருத்துக் குழம்பு வெச்சிருக்குன்னேன், அதுக்கும் பூ. மாட்டேங்கறான்... ஆமா, உயிரோட இருந்தப்ப மட்டும் என் பேச்சைக் கேட்டானா?"

சொல்லும்போதே சிரிப்பு வந்தது, சிரிப்போடு மூக்கும் ஒழுகியது. அந்தத் துண்டைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ கூப்பிட்டுப் பாரு. போனை ஸ்பீக்கர்ல போட்டுப் படத்துக்கிட்ட வைக்கறேன், நீ கூப்பிடு... ஏன்?... சரி, உனக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு நான் சொன்னேன். சொன்னேன். பயாவ் ஊருக்கு, உங்கம்மா வீட்டுக்குப் போனவ திரும்பி வரவே இல்லியே, ஊர்ல கேக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றது?... லம்யாய், இங்க பாரு. மதியத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணணும். வாசல்ல ஓனரம்மா ரூம் ஸ்ப்ரேயைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறா, நான் பத்தி கொளுத்தற ஒவ்வொரு தடவையும் புஸ்ஸுபுஸ்ஸுன்னு அடிக்கறா. உன் கோவத்தை எல்லாம் என்மேல நாளைக்குக் காட்டு. இன்னிக்கு அவனைக் கூப்பிட்டுக் குடு."

"என்னது?... ஜன்னல்ல என்ன தெரியுதா? இப்ப அதா முக்கியம்?... இரு, பாக்கறேன். சுவரு. பக்கத்துக் கட்டடத்துச் சுவரும் ஏசிப் பெட்டியும்... பால்கனியா? இந்த ரூமுக்கு பால்கனி ஏது? துணி காயப் போடக்கூட இடம் இல்ல... கோழி சுடற கடையா? இங்க இருந்து ஒரு கடையும் தெரியல... தண்ணித் தொட்டியும் தெரியல... இரு இரு. உனக்கு எப்படித் தெரியும் அதெல்லாம்?"

"...சொன்னானா? யாரு, அவனா?"

"எப்ப சொன்னான்?"

"...தினமுமா?"

வன்பென் கட்டிலில் மெல்ல உட்கார்ந்தாள். விதைக் கம்பெனிக்காக ஊர் ஊராய்ச் சுற்றுகிறவன் அண்ணன். பிரே நகரத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்வான், கத்தரி விதையும் மிளகாய் விதையும் வண்டியில் ஏற்றுவான், போவான். அவன் குடும்பம் உடைந்துவிட்டது என்று அம்மாவும் அவளும் எத்தனை வருஷமாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனும் ஒரு நாள்கூட இல்லை என்று சொன்னதில்லை.

"சாயங்காலம் ஆனா பால்கனியில உக்காந்து உனக்குப் போன் போடுவானா... கோழி வாசனை வயித்தைக் கிள்ளுதும்பானா... ம்... மாசத்துக்கு ரெண்டு நாள் உங்க வீட்டுக்கு வருவானா. நல்லாருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. சரி, சொல்லியிருந்தா நாங்க விட்டிருப்போமா, அதுவும் இருக்கு... அவனோட கடைசி ராத்திரியும் பேசினானா? அப்பவும் கோழிக் கடையைச் சொன்னானா?... இரு. போனை வெக்காதே. வெக்காதே, கையிலயே இரு."

கதவைத் திறந்தாள். விடுதிக்காரி முய், குண்டான மனுஷி, அங்கேதான் நின்றாள்.

"முய் அக்கா, இங்க வாங்க. இது எந்த ரூம்?... கதவுல போட்டிருக்கறது எனக்கும் தெரியும். எங்கண்ணன் இருந்த ரூம்ல பால்கனி இருந்ததாமே? அது எங்கே?... என்னைப் பாருங்க அக்கா, தரையைப் பாக்காதீங்க."

முய் கதவைப் பார்த்தாள். 309 என்ற தகடு மட்டும் மற்ற கதவுகளில் இருப்பதைவிடப் புதுசாய் மின்னியது, சுற்றிலும் பழைய ஆணித் துளைகள். செத்தவன் இருந்த அறை என்று தெரிந்தால் அந்த வரிசைக்கே ஆள் வராது. அதனால் தகட்டைக் கழற்றி இங்கே மாட்டி, அந்த அறையைப் பூட்டிப் பழைய மெத்தைகளைப் போட்டு வைத்துவிட்டாள். இப்படிச் செய்தால் ஆவியும் திக்குத் தெரியாமல் போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். இவள் 309 கேட்டாள், 309 கொடுத்தேன் என்று நியாயமும் பேசினாள்.

"ஆவிக்கு நம்பர் படிக்கவா தெரியும் அக்கா? நம்பரைப் படிச்சு ஏமாந்தது நான். நேத்துலேருந்து எவனோ ஒருத்தனோட கட்டிலைப் பாத்து அண்ணே அண்ணேன்னு கத்திக்கிட்டிருக்கேன்... சாவியை எடுங்க. எடுங்க, கத்த மாட்டேன். லைன்ல ஆள் இருக்கு... ஹலோ, இருக்கியா? கேட்டியா இந்தக் கூத்தை?... நடந்துக்கிட்டிருக்கேன். வராண்டாவோட கடைசி. தொறக்கறா."

அறை புழுங்கி நாறியது. மெத்தைகளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பால்கனிக் கதவைத் திறந்ததும் புகை வந்து முகத்தில் அடித்தது. கீழே ஒருத்தி விசிறிக்கொண்டே கோழி சுட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாசி படிந்த தண்ணீர்த் தொட்டி.

"இருக்கு. கோழிக் கடை இருக்கு, தொட்டி இருக்கு... இங்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கு... ஐயோ."

"...இல்ல, ஒண்ணும் இல்ல. செருப்பு. நாற்காலிக்குக் கீழ செருப்பு இருக்கு. சாமானை எல்லாம் மூட்டை கட்டிக் குடுத்தவங்க இதைப் பாக்கலை போலருக்கு... பச்சை வாரு வெச்சது... நீ வாங்கிக் குடுத்ததா? பயாவ் சந்தையிலயா... அதான் அம்மா கனவுல வெறுங்காலோட இருந்திருக்கான்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. கடைக்காரி, வாயாடி, அண்ணன் பெட்டிக்கு முன்னால்கூட வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு திரிந்தவள், அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். முய் ஸ்ப்ரேயைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

"...ம். ம். இருக்கேன். இப்பவே கேக்கறேன், நீயும் லைன்ல இரு. அண்ணே, வன்பென் வந்திருக்கேன். உன் செருப்பு இதோ. அம்மா காத்துக்கிட்டிருக்கா, வா வீட்டுக்குப் போகலாம்."

காசு தரையில் உருண்டு, சுற்றி, விழுந்தது.

"...பூ. இங்கயும் பூதான் லம்யாய். ரூம் சரி, செருப்பு சரி, இன்னும் என்னதான் வேணும் இவனுக்கு?... இரு. படுத்த மறுநாள் காலையில எழுந்து அவன் எங்கே போறதா இருந்தான்? எங்க வீட்டுக்கு வர இன்னும் நாள் இருக்குன்னுல்ல அம்மாகிட்ட சொன்னான்..."

"...உங்க வீட்டுக்கா."

"...வர்றேன்னு சொல்லிட்டுத்தான் படுத்தானா."

கீழே கோழிக்காரி யாருக்கோ ஒட்டரிசிச் சோறு பொட்டலம் கட்டினாள்.

"அண்ணி."

"...ஆமா, அண்ணின்னுதான் கூப்பிட்டேன். நீங்க கூப்பிடுங்க அண்ணி. எங்கே வரச் சொல்லணும்னு தோணுதோ அங்கே வரச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போனை நாற்காலியில வைக்கறேன், நான் உள்ள போயிடறேன்."

செருப்பை நாற்காலிக்கு அடியில் பழையபடி வைத்து, போனை அதன்மேல் இருக்கையில் வைத்தாள். பிறகு உள்ளே போய், மெத்தைக் குவியலுக்கு நடுவே, சுவரைப் பார்த்து நின்றாள். புருஷன் பெண்டாட்டி பேச்சு, அதை ஒட்டுக் கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. புகைக்குள் அந்தக் குரல் மட்டும் லேசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றதும் வந்து காசைச் சுண்டினாள்.

"...தலை. தலை அண்ணி. நல்லாப் பாத்துட்டேன், தலைதான்... அழாதீங்க... சரி, அழுங்க."

"...எங்கே வரச் சொன்னீங்கன்னு கேக்கல. தெரியும். ஒரு மனுஷன் வர்றேன்னு வாக்குக் குடுத்த வீட்டுக்குப் போகாம வேற எங்கே வருவான்? நான்தான் இழுத்துப் பாத்தேன்... இல்ல, இப்பவே கிளம்பறேன். அவன் வண்டி கீழதான் நிக்குது. முன்சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிக்கிட்டு வர்றேன். சோறு ஆக்கி வைங்க. அவனுக்கு ஒரு தட்டு... எனக்கும் ஒரு தட்டு, நேத்துலேருந்து காப்பியிலதான் ஓடுது. ராத்திரி உங்க வீட்டுலயே இருக்கட்டும். விடியறதுக்கு முன்ன கிளம்பினா தகனத்துக்கு வந்துரலாம்."

"...யாரு? நீங்களும்தான். நான் கையில பத்தி பிடிச்சா அவன் வருவானா? அங்கேருந்து நீங்கதான் வழி சொல்லிக்கிட்டு வரணும், அவன் கேக்கறது உங்க பேச்சைத்தான்... யாரு என்ன சொல்லுவாங்க? வராதேன்னு சொன்னது நான் ஒருத்தி. நானே கூட்டிக்கிட்டு வந்தா அப்புறம் யாருக்கு வாய் இருக்கு?... அம்மாவை நான் பாத்துக்கறேன். புள்ள வந்து சேந்தானா இல்லியான்னுதான் அவ பாப்பா, யார் கூட வந்தான்னு அப்புறம்தான்... கறுப்புச் சட்டை இருக்கா?... ஏற்கெனவே போட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்களா."

"...சரி. நாளைக்கு முன்வரிசையில உக்காரணும் நீங்க. அம்மா பக்கத்துல. நான்... ஹலோ? சார்ஜ் போகுது அண்ணி. ஏரிக்கரைத் தெரு, அப்புறம் எந்தப் பக்கம்?... ஹலோ?... அண்ணி?"

போன் அணைந்துவிட்டது. வீடு எது என்று தவினுக்குத் தெரியும் என நினைத்துக்கொண்டாள். முதல் அறைக்குப் போய் மணல் டப்பாவைத் தோள்பையில் வைத்தாள். படத்தைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் புது ஊதுபத்தியுமாக வராண்டாவில் நடந்தாள். முய் பின்படிக்கட்டைக் காட்டக் கை நீட்டியவள், என்ன நினைத்தாளோ, நீட்டிய கையைக் குவித்துக் கும்பிட்டு, முன்னால் இறங்கிப் போய் முன்வாசல் கதவை அகலத் திறந்து விட்டாள்.

"படி இறங்கறோம் அண்ணே, பாத்து வா. இது வாசல். வண்டியில ஏறிக்கோ, கதவைச் சாத்தறேன்."

டப்பாவைச் சீட்டின் காலடியில், செருப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, பத்தியை நட்டாள். விடுதியின் கேட்டைத் தாண்டினால் இடது பக்கம் உத்தரடிட். அம்மா பெட்டியின் பக்கத்தில் பாய் போட்டுக் காத்திருப்பது அந்தப் பக்கம்தான். வன்பென் கொஞ்ச நேரம் அங்கேயே வண்டியை நிறுத்தி வைத்திருந்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"வலது பக்கம் திரும்பறோம் அண்ணே," என்றாள். "பயாவ் ரோடு."