அணைக்காமல் கைப்பற்றிய எடைமேடைக் கணினி

என் பெயரும் விலாசமும் மேலே குறித்தபடி. வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். என் அம்மா லாரி எடைமேடையில் கணினி இயக்குகிறார். பள்ளி விட்டதும் அந்த அறையில்தான் உட்கார்ந்து படிப்பேன்.

இன்று மாலை எடைமேடையின் சர்வீஸ்காரர் அவசரமாக வந்து, கணினியில் ஏதோ கோப்பை அழித்ததைப் பார்த்தேன். மேடைமேல் லாரி நின்றதால் எடை புரோகிராமை அவர் நிறுத்தவில்லை. அதன் பிறகு, எடையைக் குறைத்துக் காட்டுவதாக வந்த புகாரின் பேரில் இன்ஸ்பெக்டர் ஐயா ஒரு காவலருடனும் போலீஸ் கணினிப் பிரிவு அக்கா ஒருவருடனும் வந்தார். அக்கா புரோகிராமின் ஃபோல்டரைத் திறந்து பார்த்து, எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருப்பதாகச் சொன்னார்.

"மெஷின் சுத்தம் சார். உட்கார்ந்திருக்கிறவங்க கைதான் சுத்தமில்ல" என்றார் சர்வீஸ்காரர். அம்மா தன் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அம்மாவை ஸ்டேஷனுக்குக் கிளம்பச் சொன்னார்கள். கணினியை எடுத்துப்போகக் காவலர் சுவிட்சில் கை வைத்தார்.

"அணைக்காதீங்க சார்!" என்று கத்திவிட்டேன்.

"பாப்பா, போய் ஹோம்வொர்க்கப் பாரு" என்றார் சர்வீஸ்காரர்.

சர்வீஸ்காரர் ஒரு கோப்பை அழித்ததையும், ஓடும் புரோகிராம் சில வேலைகளுக்குத் தன் ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் பொதுவான லைப்ரரி கோப்புகளைப் பயன்படுத்தும் என்றும், அப்படி ஒரு கோப்பை அழித்தாலும் புரோகிராம் நிற்கும்வரை அது அதன் பிடியிலேயே இருக்கும் என்றும், அணைத்தால் போய்விடும் என்றும் புத்தகத்தில் படித்ததையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"அட, ஆமா சார்!" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதன் பிறகு அக்கா, ஓடிக்கொண்டிருந்த எடை புரோகிராம் பிடித்துவைத்திருக்கும் கோப்புகளை, அவை இருக்கும் இடத்தோடு, ஒவ்வொரு வரியாகத் திரையில் வரவழைத்தார். மற்ற வரிகளெல்லாம் புரோகிராமின் ஃபோல்டரிலோ சிஸ்டம் ஃபோல்டர்களிலோ தொடங்கின. ஒரு வரி மட்டும் சர்வீஸ்காரரின் லாகினுக்கு உரிய ஃபோல்டரில் தொடங்கி, 'அழிக்கப்பட்டது' என்று முடிந்தது.

"அக்கா, அது! அதேதான்!"

"தெரியுதுடி, குதிக்காதே, மேசை ஆடுது."

அந்த லாகினின் கடவுச்சொல்லை அம்மா ஒருமுறை கேட்டபோது, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா" என்று சர்வீஸ்காரர் மறுத்ததை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு அக்கா அந்தக் கோப்பை ஓடும் புரோகிராமிலிருந்தே நகலெடுத்தார். வரும் எடையில் ஒரு பங்கைக் கழிக்கும் வேலை அதற்குள் இருந்ததாகச் சொன்னார். சர்வீஸ்காரர் தண்ணீர் கேட்டார். அம்மா எழுந்துபோய் இரண்டு கைகளாலும் டம்ளரை நீட்டினார்.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'கணினி கைப்பற்றப்பட்டது' என்று இருந்த இடத்தில் 'ஓடும் நிலையிலேயே' என்று சேர்க்கக் கேட்டேன்; சேர்த்தார்கள். மற்றபடி நான் கண்டதையும் கேட்டதையும் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

(ஒப்பம்) சாட்சி
(ஒப்பம்) உடனிருந்த தாயார்