கலையரசி கேக்காத மேப்பு

…அஞ்சு பேருங்க, அஞ்சு பேரு. ரூமுல பரிச்ச எழுதறது ஒரே ஒரு பொண்ணு, அவள சுத்தி அஞ்சு பேரு. இத்தினி பேரும் பாத்துக்கினு இருந்துட்டு கடைசில மெமோ யாருக்கு? எனக்கு. இந்த தெய்வசிகாமணிக்கு. இது நாயமா, சொல்லுங்க. அட, பைய மடில வெச்சிக்கினு கால நீட்டி ஒக்காருங்க சார். நீங்களும் வெள்ளிமலைதான? கண்டக்டருகிட்ட டிக்கெட்டு கேட்டப்ப காதுல வுழுந்துச்சி. நல்லதா போச்சி. கச்சிராயபாளையம் தாண்டிட்டா அப்புறம் மலைதான், பேச்சு தொணைக்கு ஆளு இல்லன்னா எனக்கு தலை சுத்தும்.

நான் டிராயிங் மாஸ்டருங்க. சங்கராபுரம் பக்கம் ஒரு ஸ்கூலு. சொந்த ஊரு திருநாவலூரு. இருவத்தி ரெண்டு வருஷ சர்வீஸு. பரிச்ச வந்தா எங்கள மாதிரி ஆளுக்கு இன்னா டூட்டி தெரியுமா? மணி அடிக்கறது. பெஞ்சில நம்பரு ஒட்டறது. கையில பிரஷ்ஷு புடிச்சவன கோந்து டப்பா புடிக்க வுட்டாங்க. இந்த வருஷம் பத்தாவது பரிச்சைக்கு திடீர்னு கூப்ட்டு, ‘மாஸ்டர், நீங்க ஸ்கிரைபு’ன்னாங்க. கண்ணு தெரியாத புள்ளைங்க வாயால சொல்லும், நாம பேப்பர்ல எழுதணும். அதான் ஸ்கிரைபு. பாடம் நடத்தற வாத்தியார போட்டா பதில அவரே எழுதிடுவாராம். டிராயிங் மாஸ்டருக்கு ஒண்ணும் தெரியாதாம், அதனால நான் பத்திரமாம். மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க சார். சரின்னு வாங்கிக்கினு வந்தேன்.

அந்த பொண்ணு பேரு கலையரசி. இந்த மலை மேலதான் வூடு. பொறவிலேயே பார்வ கெடையாது. அவங்கம்மா தைலம்மாளு மரவள்ளி காட்டுக்கு கூலிக்கு போவுது. ஸ்பெஷல் டீச்சரு ஒருத்தங்க பாடத்த பூரா பேசி போன்ல பதிஞ்சி குடுத்திருக்காங்க. இந்த பொண்ணு அத்த கேட்டு கேட்டு… யப்பா, மண்டைல அப்படியே அடுக்கி வெச்சிருக்குது சார். கேள்விய படிச்சி முடிக்கறதுக்குள்ள பதில் வந்துடும். எனக்குத்தான் கை ஓடல. நான் எழுத்த கிறுக்க மாட்டேன், ஒவ்வொரு எழுத்தும் முத்து மாதிரி இருக்கணும். தலைப்புக்கு ஒரு கலரு, அடிக்கோடுக்கு ஒரு கலரு. ‘சார், எழுதிட்டீங்களா, எழுதிட்டீங்களா’ன்னு அது கேட்டுக்கினே இருக்கும்.

ஆங், அஞ்சு பேரு. எண்ணிக்குங்க. முதன்மைக் கண்காணிப்பாளரு, ஒண்ணு. துறை அலுவலரு, ரெண்டு. ரூமுக்குள்ள கொளஞ்சியம்மா டீச்சரு, அவங்கதான் அறைக் கண்காணிப்பாளரு, மூணு. அந்த ஸ்பெஷல் டீச்சரு வாசல் வரைக்கும் வருவாங்க, உள்ள வரக்கூடாது, நாலு. அப்புறம் பறக்கும் படை. அவங்க நாலஞ்சி பேரா வந்தாங்க, நான் ஒண்ணாத்தான் கணக்கு வெச்சிருக்கேன். மொத நாளே அந்த ஸ்பெஷல் டீச்சரு சொன்னாங்க, ‘சார், அவ சொல்றத மட்டும் எழுதுங்க. ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்’னு. நான் இன்னா சின்ன புள்ளயா? தமிழு எழுதினேன், இங்கிலீஷு எழுதினேன், கணக்கு, அறிவியலு எல்லாம் எழுதினேன். ஒரு பிரச்சன உண்டா? கெடையாது.

சமூக அறிவியல்லதான் சனி புடிச்சிச்சி. கடைசி கேள்வி மேப்பு. கண்ணு தெரியாதவங்களுக்கு மேப்பு கெடையாது, அதுக்கு பதிலா வேற கேள்வி ஒண்ணு குடுத்திருப்பாங்க, வாயால பதில் சொன்னா போதும். கலையரசி டக்கு டக்குன்னு அஞ்சு பதில் சொல்லிச்சி. ‘அவ்ளோதான் சார், முடிஞ்சிது’ன்னிச்சி. மணி பன்னெண்டரை. ஒண்ணேகால் வரைக்கும் பரிச்ச. அதுக்கு மேல இந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னு ஒரு மணி நேரம் ஜாஸ்தி வேற.

வேற ஆளா இருந்தா அந்த அஞ்சு வரிய எழுதிட்டு கைய கட்டிக்கினு ஒக்காந்திருப்பான். ஆனா அந்த மேப்பு தாளு அங்கியே கெடந்துச்சி சார். இந்தியா. வெறும் கோடு மட்டும் போட்டு, உள்ள வெள்ளையா. எல்லாருக்கும் குடுக்கற கட்டோட சேந்து வந்துடுச்சி போல. இருவத்தி ரெண்டு வருஷத்துல எங்கிட்ட யாரும் ஒரு பரிச்ச மேப்ப குடுத்ததில்ல. பசங்க வரையற மேப்ப பாத்திருக்கீங்களா? இமயமலைய கம்பளிப்பூச்சி மாதிரி போட்டு வெச்சிருப்பான். எனக்கு கை அரிச்சிச்சி. பாவம், இந்த பொண்ணு தாளு மட்டும் மேப்பு இல்லாம மூளியா போவணுமான்னு ஒரு எண்ணம். நல்ல எண்ணந்தான சார் அது?

மொதல்ல எடத்த மட்டும் குறிச்சேன். அப்புறம் கடலுக்கு லேசா நீலம். அப்புறம் இமயமலை, அடில பழுப்பு, உச்சில வெள்ளய வுட்டுட்டேன், பனி. கங்கைய வளைச்சி கொண்டாந்து வுட்டப்ப கொளஞ்சியம்மா டீச்சரு எட்டிப் பாத்து, ‘மாஸ்டர், அள்ளுது’ன்னாங்க. அத்த இப்ப கேளுங்க, ‘நான் ஒண்ணும் பாக்கல’ன்றாங்க. பறக்கும் படை வந்துச்சி. ஒருத்தரு மேப்ப கையில எடுத்து ஒரு நிமிஷம் பாத்தாரு. அவரு தாளுல கறை படக்கூடாதுன்னு பூப்போல கீழ வெச்சிட்டு போயிட்டாரு.

அந்த பொண்ணு ஒரே ஒரு தபா கேட்டுச்சி. ‘சார், நான் முடிச்சிட்டனே, இன்னும் இன்னா எழுதிக்கினு இருக்கீங்க?’ நான், ‘ஒண்ணுமில்லம்மா, சரி பாக்கறேன்’னேன். ரெண்டேகால் வரைக்கும் அது சும்மா ஒக்காந்திருந்துச்சி சார். அந்த ஒரு மணி நேரம் அதுக்காக குடுத்தது. நான் எடுத்துக்கினேன்.

அதுல கடைசியா வங்காள விரிகுடால ஒரு படகு போட்டேன். படகு தேவையில்லதான். ஆனா கடலு ரொம்ப காலியா இருந்துச்சி.

அந்த அஞ்சு பதிலா? அங்க ‘மேப் பார்க்க’ன்னு எழுதிட்டேன். இல்ல சார், ரெண்டும் எழுதினா ஒண்ணுதான எடுத்துக்குவாங்க, எது அழகா இருக்குதோ அத்த வெப்பமேன்னு… ஏன் அப்படி பாக்கறீங்க? தோ, வெளிய பாருங்க, கோமுகி டேமு. தண்ணி இருக்குது இந்த வருஷம்.

தாளு திருத்தற எடத்துல ஒரு அம்மா கையில போய் மாட்டிச்சி. மேல பாத்தா ‘பார்வை மாற்றுத்திறனாளி’ன்னு முத்திர. கீழ பாத்தா இந்தியா, பனி, கங்கை, படகு. அந்தம்மாவுக்கு மயக்கமே வந்துடுச்சாம். அத்தினி வாத்தியாருங்களும் எந்திரிச்சி வந்து பாத்திருக்காங்க. அதுல ஒருத்தரு நம்ம ஜில்லாவாம், ‘கடலுக்கு இப்படி அலை போடறது சிகாமணி மாஸ்டர்தான்’னு சொல்லிட்டாரு. பாருங்க, வாழ்க்கைல மொத மொறயா என் கைய ஒரு ஆளு அடையாளம் கண்டுபுடிச்சது அங்கதான்.

பொண்ணு ரிசல்ட்ட நிறுத்தி வெச்சிட்டாங்க. மத்த நாலுலயும் தொண்ணூறுக்கு மேலயாம். பிளஸ் ஒன்னு சேக்கற ஸ்கூல்ல சீட்டு ரொம்பிக்கினு இருக்குது, மார்க்கு சீட்டு இல்லாம ஒக்கார வெக்க மாட்டேன்றாங்க. செவ்வாக்கெழம விசாரண. அதுக்கு பொண்ணு தரப்புல ஒரு கடுதாசி வேணும், அவ கையெழுத்தோட. அத்த வாங்கத்தான் நான் மல ஏறிக்கினு இருக்கேன்.

இல்ல இல்ல, அவங்க ஒண்ணும் கோச்சிக்கல. தைலம்மாளுக்கு போன் பண்ணேன். பொண்ணுகிட்ட குடுத்துச்சி. கடுதாசில எழுத வேண்டியத அதுவே சொல்லிச்சி. நாலே வரி. ‘மேப் நான் கேட்கவில்லை. நான் சொன்ன ஐந்து பதில்கள் இவை. பன்னிரண்டரைக்கே முடித்துவிட்டேன். சார் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து வரைந்தார்.’ அப்புறம் அந்த அஞ்சு பதிலயும் ஒண்ணு வுடாம திரும்ப சொல்லிச்சி சார், மூணு மாசம் கழிச்சி. ‘இத்த அப்படியே எழுதிக்கினு வாங்க சார்’னிச்சி.

அப்படியே எப்படி எழுதறது? அத்த குடுத்தா அவளுக்கு மார்க்கு வரும், எனக்கு வேல போவும். அதனால நான் கொஞ்சம் நல்லா எழுதியிருக்கேன். தோ பாருங்க. ‘பெருமதிப்பிற்குரிய ஐயா, கலையரசி எழுதிக்கொள்வது. சிறு வயது முதலே எனக்கு மேப்பின் மீது தணியாத ஆர்வம் உண்டு. மலை, கடல், படகு ஆகியவற்றின் நிறங்களை நானே கூறினேன். பொன்மனம் கொண்ட ஆசிரியர் என் விரல் பிடித்து…’ ரெண்டு பக்கம் வருது. சுத்தி பார்டரு, செம்பருத்திப் பூ.

இன்னா சொல்றீங்க? வண்டி சத்தத்துல கேக்கல. …ஆமா. ஆமாங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னால யாராச்சும் அவளுக்கு படிச்சிக் காட்டணும். தைலம்மாளுக்கு எழுத்து தெரியாது. அங்க வேற யாரும் இல்ல. நான்தான் படிச்சிக் காட்டணும்.

அவ சொன்ன நாலு வரிய அவகிட்டயே மாத்திப் படிக்கணும் சார். டிக்கெட்டு எடுத்ததுலேருந்து அத்தத்தான் நெனச்சிக்கினு வரேன். அது சும்மா இருக்காது. ‘சார், நான் சொல்லி முடிச்சிட்டனே’ன்னு கேக்கும்.

அட, எங்க எந்திரிக்கிறீங்க? இது காட்டு ஸ்டாப்பு, இங்க யாரும் எறங்க மாட்டாங்க. வெள்ளிமலைக்கு இன்னும் பத்து வளைவு இருக்குது சார். அடுத்த வண்டி சாயங்காலந்தான்… சரி, எறங்கறதுன்னா எறங்குங்க. அந்த பார்டர மட்டும் ஒரு தபா பாத்துட்டு போங்க.