வெளியிலிருந்து ரூட்

— சர்வர் ரூம்லதான் இருக்கேன், கண்ணபிரான் அண்ணாச்சி. ரூட்டா, அதான் எல்லா அதிகாரமும் உள்ள ஆளா, உள்ள நுழைஞ்சிருக்கேன். செட்டிங்ல நீங்க சொன்ன வரியும் வந்துட்டு. வெளிய இருந்து ரூட்டு வரலாமான்னதுக்கு ‘நோ’ன்னு கெடக்கு.

— அத ‘யெஸ்’னு மாத்து, முத்துசெல்வி.

— என்ன அண்ணாச்சி சொல்லுதிய? ‘நோ’ன்னு வைக்கலன்னு என்னைய ஏசினதே நீங்கதான? ரூட்டு வந்தா எதையும் அழிக்கலாம், யாரையும் வெளிய தள்ளலாம்னு சொன்னிய.

— சொன்னேன். இப்பம் மொதலாளி சொல்லுதாவ. நாளைக்கு ஆயுத பூஜைல்லா? மிஷினுக்குச் சந்தனம் வச்சாச்சுன்னா மறுபூஜை வரைக்கும் யாரும் தொடப்படாது. நான் மெட்ராஸ்ல இருந்தே ஆர்டர ஏத்திருவேன்.

— அங்கன இருந்து தொட்டா சாமிக்குத் தெரியாதாக்கும்! போன வருசம் மிஷின ஆஃப் பண்ணித்தான பூ வச்சோம்? தீப்பெட்டி லோடு ஒண்ணும் நிக்கலியே.

— ஏட்டி, வாதம் பண்ணாத. மாத்து.

— நெசத்தச் சொல்லுங்க. பூஜை முடிஞ்சு நான் வேலைக்கு வரணுமா, வேண்டாமா?

— மொதல்ல அத மாத்து, தாயி.

— மழுப்பாதிய அண்ணாச்சி, வரணுமா, வேண்டாமா?

— சொல்லிருதேன் தாயி. வேண்டாம்னுட்டாவ. கோவில்பட்டியில ஒரு ஆளு எதுக்கு, தூரத்துல இருந்தே பாத்துக்கிடலாம்னுட்டாவ.

— எங்கம்மா தீப்பெட்டி ஒட்டி என்னையப் படிக்க வச்சா. கழுகுமலை பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வந்து, கரண்டு போகும்போதெல்லாம் இத எழுப்பி விட்டது நானு. என் கையாலயே என் சோத்துல மண்ணப் போடச் சொல்லுதியளே, நல்லாருப்பியளா?

— வயிறெரிஞ்சு பேசாத செல்வி. நான் மாட்டேன்னா வேற ஆள வச்சுப் பண்ணுவாவ. எனக்கும் ரெண்டு புள்ளைய இருக்கு.

— மாத்திட்டேன். ரீஸ்டார்ட்டும் பண்ணிட்டேன். போதுமா? வாங்க உள்ள.

— இரு, பாஸ்வேர்டு அடிக்கேன்.

— அதான் வந்துட்டியளே, திரையில தெரியுது. ஏன் அண்ணாச்சி, எங்கருந்து வந்திருக்குன்னு காட்டுத நம்பரு உங்க ஆபீஸோடது இல்லியே?

— நான் இன்னும் உள்ள வரல.

— பொறவு யாரு? பாஸ்வேர்ட யார்ட்ட குடுத்திய?

— யாரோ பெங்களூர்க் கம்பெனிக்காரன்ட்ட காட்டணும்னு மொதலாளி காலைல கேட்டாவ, சொன்னேன்… இரு. திரும்ப அடிக்கேன்.

— என்னாச்சு?

— தப்புங்குது. மாத்திட்டானுவ. உன் வேலையோட என் வேலையையும் பெங்களூர்க்காரன்ட்ட குடுத்து, மொதலாளி எனக்கும் சேத்துத்தான் சோலிய முடிச்சிருக்காவ. செல்வி, நீ இன்னும் ரூட்டாத்தான இருக்க? மூடினா நாம ரெண்டு பேரும் திரும்ப உள்ள வர முடியாது, அந்தத் திரைய மட்டும் மூடிராத, தாயி.