ரெக்கார்டைக் கழுவினது யாரு

– நான் தொடலைன்னு சொன்னேன்ல... இன்னும் எத்தனை தடவை கேப்பீங்க?

– நீ தொட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. யாரு தொட்டாங்கன்னுதான் கேக்குறேன்.

– இந்த வீட்ல நீங்க, நான், அந்த அலமாரி. ஒருவேளை அலமாரியே எடுத்துத் தொடச்சிருக்குமோ என்னவோ.

– கிண்டல் வேணாம். இங்க வந்து பாரு. இது பிளாக் சப்பாத் பேண்டோட பழைய ரெக்கார்ட். இங்கிலாந்துல முதல்ல அச்சானது. நடுவுல சுழி சுழியா லேபிள் இருக்கு பாரு...

– பாத்திருக்கேன். அது சுத்துறதைப் பாத்தா எனக்கும் சேந்து சுத்தும்.

– இதைப் போட்டா ஆரம்பத்துல எப்படி இருக்கும்?

– எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். யாரோ இரும்புக் கதவை இழுத்துக்கிட்டே ஓடுற மாதிரி.

– அதுக்கு முன்னாடி. பாட்டு வர்றதுக்கு முன்னாடி.

– அதுவா... கடுகு பொரியும்.

– ஆங். பத்து செகண்டு கடுகு பொரியும். கல்யாணம் ஆகி ஒம்பது வருஷமா நீயும் கேட்டிருக்க. இப்பக் கேளு.

– ...

– என்ன கேட்டுச்சு?

– ஒண்ணும் கேக்கலை.

– அதான் விஷயம். ஒண்ணும் கேக்கலை. ஊசி போய் உக்காந்தது கூடத் தெரியலை. நாள் பூரா லிஃப்ட் கூண்டுக்கு மேல நின்னுக்கிட்டு, எந்தச் சக்கரம் தேஞ்சிருக்குன்னு சத்தத்தை வச்சே சொல்றவன் நான். என் ரெக்கார்டுல சத்தம் குறைஞ்சா எனக்குத் தெரியாதா?

– கெட்டுப்போச்சுன்னா விசாரணை வைக்கலாம். நல்லா ஆனதுக்கு எந்த ஊர்லயாவது விசாரணை வைப்பாங்களா?

– நல்லா ஆக்கினவங்க ஏன் சொல்லாம ஆக்குறாங்க? அதான் உறுத்துது.

– தூசி தானா உதிர்ந்திருக்கும்.

– தூசி உதிரும்மா. கழுவிக்கிட்டுப் போகாது. இது மட்டும்னா விட்டிருப்பேன். ஜூடாஸ் பிரீஸ்ட் நாலு, சாக்சன் மூணு, மோட்டார்ஹெட் ரெண்டு... மொத்தம் ஐம்பத்தெட்டு. நாலு மாசமா ஒண்ணொண்ணா வெளுத்துக்கிட்டு வருது.

– எண்ணியிருக்கீங்க.

– எண்ணாம?

– நாலு மாசமா எண்ணிக்கிட்டு, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாத்து என்னை உக்காரவச்சுக் கேக்குறீங்க.

– இன்னிக்குத்தான் நேரம் கெடச்சுது.

– ம்ம்... நேரம்.

– சரி, வேற ஒண்ணு. பாத்திரம் காயவைக்கிற ஸ்டாண்டு. அதோட பல்லுக்கெல்லாம் யாரு ரப்பர் டியூப் மாட்டினது?

– தட்டு கீறக் கூடாதுன்னு நான்தான்...

– நம்ம வீட்டுத் தட்டெல்லாம் எவர்சில்வர்.

– எவர்சில்வர் கீறாதா?

– காய்ச்சி வடித்த நீர்னு லேபிள் ஒட்டின அஞ்சு லிட்டர் கேன், சிங்க்குக்கு அடியில, பக்கெட்டுக்குப் பின்னாடி.

– அது எங்க பல் ஆஸ்பத்திரியில மிஞ்சினது. இஸ்திரிப் பெட்டியில ஊத்தறதுக்குக் கொண்டுவந்தேன்.

– நம்ம இஸ்திரிப் பெட்டியில தண்ணி ஊத்துற வசதியே இல்லை.

– நீங்க தப்பான வேலைக்குப் போயிட்டீங்க. போலீஸ்ல சேந்திருக்கணும்.

– இன்னொண்ணு சொல்றேன், கேளு. ரெக்கார்டை உள் கவர்ல போடுவோம். அந்த உள் கவரை வெளிக் கவருக்குள்ள சொருகுவோம். ஊர்ல எல்லாரும் ரெண்டு வாயும் ஒரே பக்கம் இருக்குற மாதிரி சொருகுவாங்க. இந்த ஐம்பத்தெட்டுலயும் உள் கவரோட வாய் மேல பாத்து இருக்கு. தூசியும் உள்ள போகாது, ரெக்கார்டும் நழுவி விழாது. அப்படிச் சொருகுறவங்க எனக்குத் தெரிஞ்சு உலகத்துலயே ரெண்டு பேர்தான். ஒருத்தன் நான். இன்னொருத்தன் பேரை நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

– உங்க தம்பிதாங்க. போதுமா? வியாழக்கிழமை எனக்கு லீவு. நாலு மணிக்கு வருவாரு. கழுவி, காயவச்சு, இருந்த எடத்துலயே வச்சுட்டு, நீங்க வர்றதுக்குள்ள போயிடுவாரு. நான்தான் கதவைத் திறந்து விட்டேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க.

– எங்க பாத்த அவனை?

– கண்ணாடி மாத்தப் போனேன்ல, அந்தக் கடையில. பின்னாடி ரூம்ல லென்ஸ் தீட்டுறவர் அவர்தான். ரசீதுல உங்க பேரையும் நம்ம வீட்டு விலாசத்தையும் பாத்துட்டு, கையைத் தொடச்சுக்கிட்டே வெளிய வந்தாரு. "அண்ணியா?"ன்னாரு. நான் ஃபோட்டோவுல பாத்ததோட சரி. முடியெல்லாம் கொட்டிப்போச்சு அவருக்கு.

– அவனுக்கா?

– உங்களைப் பத்தி வேற எதுவும் கேக்கலை. அண்ணன் இன்னும் அந்த ரெக்கார்டெல்லாம் போடுறாரான்னு மட்டும் கேட்டாரு. போடுறாரு, ஆனா பாட்டை விடப் பொரிச்சல்தான் ஜாஸ்தின்னேன். சும்மா வாய் தவறிச் சொன்னதுதான். அவர் மூஞ்சி செத்துப்போச்சு. அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாரு.

– ம்ம்.

– அப்புறம் எல்லாத்தையும் அவரே சொன்னாரு. நீங்க லிஃப்ட் மாட்டுற வேலைக்கு ரெண்டு வருஷம் வெளியூர் போனீங்களாமே, அப்ப பெட்டி பெட்டியா அவர்கிட்ட விட்டுட்டுப் போனதை. மேல் வீட்டுக் குழாய் வெடிச்சு, அவர் வேலை முடிஞ்சு வந்து பாக்கும்போது அட்டைப்பெட்டியெல்லாம் ஊறிப்போய்க் கெடந்துதாம். பயந்துபோய், குளிக்கிற துண்டால அறுபத்திரண்டையும் தொடச்சாராம். தொடச்சு, அந்த ஈரக் கவருக்குள்ளயே திரும்பப் போட்டுட்டாராம். உங்களுக்கு ஒரு வார்த்தை எழுதலை. நீங்க வந்து திறந்து பாக்குறப்ப உள்ள பூஞ்சை.

– துண்டாலயா தொடச்சான்? அது எனக்குத் தெரியாது.

– அவர் சொல்றாரு, கீறல் விழுந்ததை ஒண்ணும் பண்ண முடியாது, பூஞ்சையை எடுத்துடலாம்னு. லென்ஸுக்குப் போடுற மருந்து, பூனை முடி மாதிரி ஒரு பிரஷ். லேபிள் நனையாம இருக்க ரெண்டு பக்கமும் வட்டமா ரப்பர் மூடி, அவரே செஞ்சது. ஒரு ரெக்கார்டுக்கு அரை மணி நேரம். வீட்டுக்குக் கொண்டுபோறேன்னுதான் முதல்ல கேட்டாரு. அலமாரியில ஒண்ணு குறைஞ்சாலும் அண்ணனுக்கு மூக்கு வேர்த்துடும், இங்க வந்து செய்ங்கன்னுட்டேன்.

– அவனை உக்காரச் சொன்னியா? சாப்பிட ஏதாவது...

– தண்ணி மட்டும் குடிப்பாரு... இருங்க இருங்க. ஒரு நிமிஷம்.

– என்ன?

– நீங்க ஏன் கத்தலை?

– கத்தணுமா?

– பதினோரு வருஷமா பேச்சு இல்லை, தம்பி பேரை எடுத்தாலே எழுந்து போற ஆளு நீங்க. அவர் இந்த வீட்டுக்குள்ள வந்தாருன்னு சொல்றேன், சாப்பிட்டானான்னு கேக்குறீங்க. எப்பத்துலருந்து தெரியும் உங்களுக்கு?

– ரெண்டாவது வாரம். உள் கவரைப் பாத்தப்பவே.

– அடப்பாவி மனுஷா. இப்பத்தான் கொஞ்ச நாளாத் தெரியும்னு நெனச்சேன். அப்ப நாலு மாசமா நான் ஈரத் தரையைத் தொடச்சு, கேனை ஒளிச்சு, கதவைத் திறந்துவச்சு மருந்து வாடையை வெளிய தள்ளி... எல்லாத்தையும் தெரிஞ்சேதான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? அப்புறம் இன்னிக்கு எதுக்கு இந்த விசாரணை?

– மூணு வாரமா ஒண்ணு கூடக் கழுவலை. ஐம்பத்தெட்டுல நிக்குது. அயர்ன் மெய்டன் ரெண்டு, டயமண்ட் ஹெட் ஒண்ணு, அப்புறம் கறுப்புக் கவர்ல ஒண்ணு. நாலு மிச்சம்.

– மூணு வாரமா அவர் வர... வேலை ஜாஸ்தியா இருக்கும்.

– வர்றான். மூணு வாரமும் வந்திருக்கான். நாலு மணிக்கு வந்து, ஆறரை வரைக்கும் இருந்திருக்கான். ரெக்கார்டைத் தொடலை. ரெண்டரை மணி நேரம் இங்க என்ன பண்றான்?

– இப்ப என்ன கேட்டீங்க?

– அவன் என்ன பண்றான்னு கேட்டேன்.

– இல்லை. இதுக்குள்ள இன்னொரு கேள்வி இருக்கு. அதை வெளிய எடுத்து நேரா கேளுங்க. நான் நிக்கிறேன்.

– நீ நெனக்கிறது இல்லை. சத்தியமா அது இல்லை. ரெண்டு பேரும் உக்காந்து என்னைப் பத்தி என்ன பேசுறீங்க? அவன் உன்கிட்ட என்ன சொன்னான்? அதான்.

– அவர் என்ன சொல்லிடுவாருன்னு பயம் உங்களுக்கு?

– முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

– சொல்றேன். மூணு வாரத்துக்கு முன்னாடி வந்தாரு. எப்பவும் போல மருந்து கலக்கினாரு. அயர்ன் மெய்டன் கவரைத் திறந்தாரு. உள்ள பூஞ்சை புடிச்ச பழைய காகிதம் இல்லை. வெள்ளை வெளேர்னு புது உள் கவர். அடுத்ததைத் திறந்தாரு. புதுசு. மிச்சம் நாலுலயும் புதுசு. வாய் மேல பாத்து. கழுவின ரெக்கார்ட் திரும்பவும் அழுக்குக் கவருக்குள்ள போகக் கூடாதுன்னு நீங்கதான வாங்கி வச்சது?

– நான் வேற ஒண்ணு நெனச்சேன். அதைப் பாத்துட்டு அவன் கை நின்னுபோச்சு. வேண்டாம்னுட்டான், என் மேல கோபம் இன்னும் போகலைன்னு...

– கோபமா? பிரஷைக் கீழ வச்சுட்டாரு. "அண்ணி, அவருக்குத் தெரியும்"னு ஒரே வார்த்தைதான். மருந்தையெல்லாம் சிங்க்குல ஊத்தினாரு. இனிமே அவருக்குத் தெரியாம தொட மாட்டேன், அவர் முன்னாடி உக்காந்துதான் மிச்சத்தைக் கழுவுவேன்னாரு. அன்னிலருந்து வந்து, பிளேயர் பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. தானா வரணுமாம் நீங்க. அஞ்சரைக்கு வேலை முடியுது, ஆறு மணிக்கு வீட்ல இருப்பாருன்னு நானும் சொல்லிச் சொல்லி... நீங்க வியாழக்கிழமை மட்டும் ஏழு மணிக்கு வர்றீங்க.

– என்னைப் பத்தி வேற எதுவும் சொல்லலையா? அவன் நிச்சயதார்த்தத்தைப் பத்தி?

– நிச்சயதார்த்தமா? அவருக்குக் கல்யாணமே ஆகலையே.

– ஆகவேண்டியது. நான் அந்தப் பெட்டியைத் திறந்து பாத்த மறுவாரம் நிச்சயம். பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. பொண்ணோட அப்பா என்கிட்ட, தம்பி எப்படி, பொறுப்பானவரான்னு சாதாரணமாத்தான் கேட்டாரு. இவன்கிட்ட ஒண்ணை நம்பிக் கொடுத்தா அழுகித்தான் திரும்பி வரும்னேன்.

– ஐயோ.

– ரெண்டு நாள்ல வேண்டாம்னு சொல்லியனுப்பிட்டாங்க. அவன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனவன்தான்.

– என்கிட்ட குழாய் வெடிச்சதை மட்டும்தான் சொன்னீங்க. ஒம்பது வருஷமா அவர்தான் தப்பு பண்ணினவர்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்.

– அவன் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்.

– இல்லை. தான் பண்ணினதை மட்டும்தான் சொன்னாரு. துண்டை, ஈரக் கவரை, எழுதாம விட்டதை. அதோட நிறுத்திட்டாரு... அழுறீங்களா?

– இல்லை. தூசி.

– ஒரு சந்தேகம் எனக்கு. நாலு மணிக்கு வந்தான், ஆறரைக்குப் போனான்னு மணிக்கணக்கா சொல்றீங்களே... உங்களுக்கு யாரு சொன்னது?

– கீழ் வீட்டுக்காரர்.

– கீழ் வீடு ரெண்டு மாசமா பூட்டிக் கெடக்கு. வியாழக்கிழமை ஆறுலருந்து ஏழு வரைக்கும் எங்க இருக்கீங்க? இப்ப நான் விசாரிக்கிறேன். சொல்லுங்க.

– படியில.

– எந்தப் படியில?

– நம்ம படியிலதான். அவன் நாலு மணிக்கு உள்ள வந்ததை வாட்ச்மேன் நோட்டுல பாத்துட்டுத்தான் ஏறுவேன். லிஃப்ட்டுல ஏறினா நேரா நம்ம மாடியில கொண்டுவந்து விட்டுடும், யோசிக்க எடம் இருக்காதுன்னு நடந்தே வருவேன். ரெண்டாவது மாடி வரைக்கும் வந்துடுவேன். அங்க உக்காந்துடுவேன். மன்னிச்சுக்கடான்னு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு சொல்லிப் பாத்துக்கிட்டே இருப்பேன். ஆறரைக்கு லிஃப்ட் இறங்குற சத்தம் கேக்கும். ஒரு ஆள் எடைதான்னு அந்தச் சத்தத்துலயே தெரியும்... அவன் கீழ போய்ச் சேர்ற வரைக்கும் கேட்டுட்டு, அரை மணி நேரம் கழிச்சுத்தான் மேல வருவேன்.