பக்கத்து வீட்டு ஐஸ்

பண்ருட்டிப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்ன ஒரு வார்த்தையில் கணக்கு தவறிவிட்டது.

"அந்த ஐஸே அவங்க வூட்டு ஐஸ் இல்லக்கா."

"பின்ன?"

"பக்கத்து குவார்ட்டர்ஸ் வூட்டுல வாங்கி உள்ள வச்சிருக்காங்க. விக்கறவரு அந்தப் பழைய பிரிட்ஜைத் தொறந்து காட்டுனாரு. கம்பெனியில பெர்மனென்ட் வேலை பாக்கற ஆளு, ஏமாத்தவா போறாருன்னு பணத்தைக் குடுத்துட்டேன். வூட்டுக்குக் கொண்டாந்தா கூலிங்கே இல்ல. அரைச்ச மாவெல்லாம் புளிச்சிப் பொங்கிடுச்சி. மாவு வித்துதான என் பொழப்பே?"

"திருப்பிக் கேக்கலியா?"

"கேட்டேன். வித்தது வித்ததுதான்னுட்டாரு. அழுதுகினே வந்தேன். அப்புறந்தான் யோசனை வந்துச்சி. அவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி சாவி குடுத்தாதான் அவருக்கு வர வேண்டிய பணம் வரும். சாவி குடுக்கற அன்னிக்கி பிரிட்ஜை ஆட்டோவுல ஏத்திகினு போயி, அவரு வராந்தாவுலயே எறக்கிட்டேன்."

"அடிப்பாவி! சண்டைக்கு வரலியா?"

"எங்க வர்றது? வூடு காலியாயிடுச்சான்னு பாக்க ஆபீஸ் ஆளு வந்துகினு இருக்காரு. மொத்தப் பணத்தையும் கையில குடுத்து, 'இதை மட்டும் எடுத்துகினு போயிடும்மா'ன்னு கும்புட்டாரு. ஆட்டோவுக்கும் குடுங்கன்னேன்."

"குடுத்தாரா?"

"போக வர ரெண்டுக்கும்."

"கெட்டிக்காரிதான். இப்ப எங்க கெளம்பிட்ட?"

"காடாம்புலியூர்ல ஒருத்தரு பிரிட்ஜ் விக்கறாராம்."

"மறுபடியுமா?"

அவள் மடியிலிருந்த தூக்குச் சட்டியைத் தட்டிக் காட்டினாள். உள்ளே தண்ணீர் தளும்பியது.

"இந்தத் தண்ணிய நானே உள்ள வச்சிட்டு, ஐஸ் ஆவறவரைக்கும் அங்கியே உக்காந்திருப்பேன்."